எட்டே காலும் ஐந்தே முக்காலும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று காலை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவன் என்னிடம் கையை நீட்டினான். எரியோட்டிலிருந்து வருகிறவன், என் பெஞ்சுக்காரன்.

"ஏலே, இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் மட்டும் மண்டையில நிக்க மாட்டேங்குது. எழுதிக் காட்டு."

உள்ளங்கையில் எழுதினேன். மைனஸ் பி, கூட்டல் கழித்தல், ரூட்டுக்குள் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி. ரூட்டுக்கு அடியில் மட்டும் கோடு போட்டு, கீழே இரண்டு ஏ. அந்தப் பாடம் நடந்த வாரம் நான் செம்பட்டியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொருவன் நோட்டை அவசரமாகப் பார்த்து எழுதிய என் நோட்டில் அப்படித்தான் இருந்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தவன், பரீட்சை ஹால் வாசலில் எச்சில் தொட்டு அழித்துக்கொண்டான்.

2x² − 7x + 3 = 0. ஐந்து மதிப்பெண் கேள்வி.

"எட்டே கால், அஞ்சே முக்கால். உனக்கு?" என்றான் வெளியே வந்ததும்.

"எனக்கும் அதேதாம்லே."

"அப்பக் கரெக்ட்டு!" முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

எனக்கு இருபத்திரண்டு வந்தது. அதற்கு யாரும் அழவில்லை. அவனுக்கு முப்பத்தொன்று; நாலு மார்க் குறை. அவன் அப்பா தெருவில் வைத்து அடித்தார். மறுநாள் கொடைரோட்டில் ரயில் ஏறினான் என்றார்கள். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

மறுதேர்வுக்காக டுடோரியலில் சேர்ந்தேன். முதல் வாரமே வாத்தியார் அதே கணக்கைப் போட்டார். கோட்டை மைனஸ் பி-க்கு அடியிலிருந்தே இழுத்தார். விடை மூன்றும் அரையும். நோட்டை மூடிவிட்டு வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை.

ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி, திருப்பூரில் சாயப்பட்டறை, ஈரோட்டில் லாரி ஷெட். பின்னங்கழுத்தைப் பார்த்து, அவன்தானோ என்று எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். எட்டே கால் பஸ் என்று யாராவது சொன்னால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் எரியோட்டில் இறங்கி அவன் அம்மாவைப் பார்ப்பேன். "படிக்காமத் திரிஞ்சான். படிச்சிருந்தா ஏன் அப்பு ஓடுறான்?" என்பார். பன்னிரண்டு வருஷம் தலையாட்டிவிட்டு, ஒரு பொங்கலன்று சொன்னேன்.

"அவன் படிச்சான்மா. நாந்தான் சூத்திரத்தத் தப்பா எழுதிக் குடுத்தேன்."

முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் கை நிற்கவில்லை.

"தெரிஞ்சா குடுத்தே?"

"இல்லம்மா."

ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

"அவுக அப்பா சாகுறப்பவும் படிக்காத பயன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. இம்புட்டு வருசம் இத எங்கப்பு வச்சிருந்தே?"

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்துகொண்டேன்.