தீராத டின்

அந்த வருடத் தீபாவளிக்கு அப்பாவின் முதலாளியான சீனத் தவுக்கே எங்களை ஏமாற்றிவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் அவருடைய லோரியைத்தான் அப்பா ஓட்டினார். வருடந்தோறும் ஒரு பெட்டி ஆரஞ்சுச் சோடா கொடுக்கும் மனிதர், அந்த முறை ஒரு டின் பச்சைத் தேயிலையைக் கொடுத்தனுப்பினார். மூடியில் ஒரு கொக்கு நின்றது. அந்தக் கொக்கைத் தவிர எனக்குப் பிடித்தது அதில் எதுவும் இல்லை.

அம்மா அதை வழக்கமான தேநீரைப் போலவே கொதிக்க வைத்து, டின் பாலை ஊற்றிக் கலக்கினார். குளத்துத் தண்ணீர் நிறத்தில் வந்தது. "தவுக்கே குடுத்ததுலா" என்று அப்பா மட்டும் முகம் சுளிக்காமல் பாதி குடித்தார். மீதி வாழை மரத்துக்குப் போனது. டின் அலமாரி மேல் ஏறியது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு, அப்பாவின் தங்கையான என் அத்தை சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். மாமாவோடு சண்டை என்றார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் இருந்ததே ஓர் அறையும் ஒரு கூடமும். "புருஷன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்லதான் இல்ல? மழை விட்டதும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. நடுவில் இருந்ததோ ஒற்றைப் பலகைச் சுவர். எனக்கு அழுகை வந்தது. வலிக்காமல் தலை பின்னிவிட அந்த வீட்டில் அத்தையை விட்டால் ஆளில்லை.

ஒரு மழை மாலையில் அத்தை அந்த டின்னைக் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு முன் காப்பிக்கொட்டை வறுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். இரும்புக் குவாலியைச் சிறு தீயில் வைத்து, ஒரு கை இலையைப் போட்டு, விடாமல் கிளறினார். பச்சை மெல்லப் பழுப்பானது. வாசம் லயம் முழுக்கப் போனது. பக்கத்து வீட்டு அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, "என்னத்த வறுக்கிறீங்க?" என்று விசாரித்து, ஒரு கோப்பையும் குடித்துவிட்டுத்தான் போனார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஆனாலும் வயிறு வரைக்கும் இதமாக இறங்கியது.

கிளறும்போது அத்தையின் சட்டைக் கை மேலேறியிருந்தது. தோளுக்குக் கீழே வட்ட வட்டமாகச் சுட்ட தழும்புகள். காப்பிக்கொட்டை தெறித்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த டின்னு முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போயிடுறேன் அண்ணி" என்றார் அத்தை.

"சரி" என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து அத்தை விரல் நுனியால் கிள்ளித்தான் இலையை எடுத்தார். நான் தினமும் பயந்து பயந்து டின்னைத் திறந்து பார்ப்பேன். ஆனால் அது குறையவே இல்லை. மழை விட்டது, பள்ளிக்கூடம் திறந்தது, சீனப் பெருநாள்கூட வந்து போனது. டின் முக்கால்வாசியிலேயே நின்றது. எல்லாம் கொக்கின் மகிமை என்று நம்பினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு நாள் அத்தை குளிக்கப் போயிருந்தபோது, அம்மா இடுப்பில் செருகியிருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து, பச்சை இலையை டின்னுக்குள் கொட்டி, குலுக்கிச் சமமாக்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தவுக்கே கொடுத்த உசத்தி இலையில் கடை இலையைக் கலப்பது அநியாயம் இல்லையா? ஓடிப்போய், ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்த அத்தையிடம் அம்மாவைப் போட்டுக் கொடுத்தேன்.

அத்தை தலையைத் துவட்டினார். வெகுநேரம் துவட்டினார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, டின்னுக்குள் கையை விட்டு, கை நிறைய இலையை அள்ளிக் குவாலியில் போட்டார்.

நான் சொன்னது அத்தைக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.