நான் நேராக்கிய இலை

எனக்குப் பூட்டு போடுகிற புத்தி. கேஸ் மூடினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போனவள் திரும்பி ஓடி வந்து பார்ப்பேன். கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அதனால் அவள் வந்து, "அக்கா, என் டிசைனுக்கெல்லாம் ஒரு பூட்டு போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டதுமே எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் ரவிக்கைகளில் ஆரிப் பூவேலை செய்பவள். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊர். பிறந்த வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கணவனுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை என்பதால் டவுன்ஷிப் ஓரத்தில் வாடகை வீடு. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து அதே மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவரின் மகள். குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டிலிருந்தபடி இணையதளங்கள் செய்து கொடுக்கிறவள். என் ரவிக்கைகள் அவளிடம் போய்க் கொண்டிருந்ததால் பழக்கம்.

கல்யாண ரவிக்கையின் முதுகில் வரும் மயில், மாங்காய், கொடி எல்லாம் அவள் கிராப் தாளில் தானே யோசித்து வரைவாள். அதை போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். பத்தே நாளில் அது வேறு யாருடைய தளத்திலோ வேறு யார் பெயரிலோ வந்து உட்கார்ந்திருக்கும்.

"எங்க வூட்டுல யார் பேர்லயும் ஒரு குழி நெலம் கெடையாதுக்கா. எனக்குன்னு சொல்லிக்க இதான் இருக்கு. இதையும் எவளோ எடுத்துகினு போறா, நான் பாத்துகினு நிக்கிறேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பெரிய இவள் மாதிரிதான் சொன்னேன்.

அவள் தாள்களை ஸ்கேன் செய்து, கணினியில் கோடு கோடாகத் திரும்ப வரைந்தேன். போட்டோவைப் பெரிதாக்கினால் கலங்கிப்போகும். கோடாகவே சேமித்தால் முப்பத்திரண்டு சைஸுக்கும் நாற்பத்திநாலு சைஸுக்கும் முனை மழுங்காமல் வரும். முதுகு டிசைன் என்றால் இடமும் வலமும் ஒன்றுதானே? அதனால் வலது பாதியை மட்டும் வரைந்து, அதையே திருப்பி இடப்பக்கம் ஒட்டினேன். பாதி வேலை மிச்சம். இருபத்திமூன்று டிசைன் முடிந்ததும் ஸ்கேன்களை அழித்து, தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கங்கே அவள் இடப்பக்கத்தில் ஓர் இலையைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். கை அசந்திருக்கும், திருப்பி ஒட்டியதில் நேராகிவிட்டது, சொன்னால் சங்கடப்படுவாள் என்று நானே ஒன்றும் சொல்லாமல் விட்டேன். என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கக்கேடு.

அவள் டிசைன்களை விற்க ஒரு தளம் செய்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். பிறகு பூட்டுகள். மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் ஒன்றும் வராது. சேமிக்க முடியாது. பிரிண்ட் கொடுத்தால் வெள்ளைத் தாள் வரும். வாங்கியவருக்கு மட்டும் ஒரே ஒரு தரம் பிரிண்ட், அதிலும் அவர் பெயர் மெல்லிசாகக் குறுக்கே ஓடும். திரையில் தெரிகிற எதுவும் பார்க்கிறவர் கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததுதான் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் கெட்டது. குக்கர் இரண்டு விசில் அடிப்பதற்குள் நாலு தரம் போனைத் திறந்து, யார் பார்க்கிறார்கள், எத்தனை நேரம் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்பார்.

முதலில் வாங்கியவர் எங்கள் டவுன்ஷிப் ஆசிரியை ஒருவர். கழுத்து சின்னதாக வந்திருக்கிறது என்றார். அவர் பிரிண்ட் எடுத்த ஜெராக்ஸ் கடைக்கு நேரே போய் நின்றேன்.

"ஓரம் வெட்டுப்பட்டுதுங்க மேடம். தாளுக்கு அடங்குற மாதிரி நானே சுருக்கிட்டேன். நீட்டா வந்துக்குது பாருங்க" என்றார் கடைக்காரர், சந்தோஷமாக.

"உங்களை யாருங்க சுருக்கச் சொன்னது? அளவுன்னா அளவுதான். ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு பிரிண்டின் மூலையிலும் ஓர் அங்குலக் கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்த பிறகே வெட்டவும் என்று எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் கடலூரில் ஒரு கல்யாண ஜவுளிக்கடை அவளைக் கூப்பிட்டது. ஒரு முகூர்த்த சீசன் முழுக்க டிசைன் வரைய ஆள் தேவை. இவளும் இன்னொருத்தியும் ஒரே கொடியைக் காட்டித் தங்களுடையது என்கிறார்கள், யாருடையது என்று தெரிந்தால் அவருக்கே வேலை என்றார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் நான்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் நிம்மதியாக இருந்தாள்.

கடைக்கார அம்மா மற்றவளின் தாளை மேசையில் விரித்தார். மெல்லிய பட்டர் பேப்பரில் பென்சில் கோடு. ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டிப் பிய்த்த தடம். அந்தக் கொடி குரூப்பில் போடாதது, எங்கள் தளத்தில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் திரை மேலேயே தாளை ஒட்டி வரைந்திருக்கிறாள்! ஆரிக்காரிகள் தினமும் செய்கிற வேலை, டிசைன் மேல் தாளை வைத்துக் கோடு எடுப்பது. அடக் கடவுளே, இது எனக்குத் தோன்றவே இல்லையே.

என்னோடு வந்தவள் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடப்பக்கம், கீழேருந்து மூணாவது எல பாருங்கம்மா. தலைகீழா இருக்கும். அது நான் வேணும்னே வக்கிற எல. ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவங்க அதையும் சேத்து அடிச்சிடுவாங்க. என்னுதுன்னு காட்ட அதான் எனக்கு அத்தாட்சி" என்றாள்.

கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எல்லா இலையும் நேராத்தானேம்மா இருக்கு."

அவள் பையிலிருந்து தன் கிராப் தாளை எடுத்து விரித்தாள். அதில் அந்த இலை தலைகீழாகத்தான் இருந்தது. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ உன்னோடதுலதான் தப்பு இருக்கு. பார்த்து வரையறப்போ தவறிடுச்சு போல."

"இல்லீங்க. நான்தான் அந்த இலையை நேராக்கினேன். அவளோட சைட் என் வேலை" என்றேன். போனில் தளத்தைத் திறந்து காட்டினேன். அதிலும் இலை நேராக இருந்தது, மற்றவள் தாளில் இருந்த மாதிரியே. தளத்தில் ஏற்றிய தேதியை நான் காட்டக் காட்ட அவர், "நீங்க அவங்க கூட வந்தவங்கதானேம்மா" என்று தாள்களை மடிக்க ஆரம்பித்துவிட்டார். வேலை மற்றவளுக்குப் போயிற்று.

திரும்பும் பஸ் வடலூரைத் தாண்டியது. அவள் கேட்டாள், "எல்லாத்துலயும் நேராக்கிட்டீங்களாக்கா?"

"எல்லாத்துலயும்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஜெராக்ஸ் கடைக்காரர் முகம் கண் முன்னால் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, அதை அவளிடம் காட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வாரமே அவள் தாள்களை மறுபடி வாங்கி, இருபத்திமூன்றையும் முதலிலிருந்து வரைந்தேன், இரண்டு பக்கமும் தனித்தனியாக. ஓரிடத்தில் ஒரு மொட்டு சாய்ந்திருந்தது. இன்னோரிடத்தில் ஒரு சுழி குட்டையாக இருந்தது. எது அடையாளம், எது கைத்தவறு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே வரைந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் புது டிசைனோடு வந்தாள். டீ கொடுத்தேன், குடித்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்து இடப்பக்கம் முழுக்கத் தேடினேன். எல்லா இலையும் நேராகவே இருந்தது.

"இதுல எங்கடி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்குக்கா? இருக்கிறத இருக்கிற மாதிரி போடுங்க" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.