இரண்டு பேருக்கும் அண்ணன்

மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை பார்ப்பவன் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் அவன் வாசம் போய்விடும். சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டில் இருந்த மில்லில் நானும் என் அப்பாவும் வேலை பார்த்தோம். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் தலைமுடியில் காரம் நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த சீனக் கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவாள். சொல்ல வந்தது அதில்லை. தையல்காரர் வீட்டு மரப்படியில் நான் ஏறினால் மாடியில் ஒரு தும்மல் கேட்கும். அது அவருடைய மகள். அந்தத் தும்மலுக்காகத்தான் நான் அங்கே போய்வந்தேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தையல்காரர் எனக்குச் சித்தப்பா. அப்பாவோடு கூடப்பிறந்தவர் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கப்பலில் அவர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தபோது அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவிவிட்டாராம். இறங்கும்போது அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான். ஒரே கப்பலில் வந்தவன் உடன்பிறந்தவன் மாதிரி. அவருக்கு இந்த ஊரில் வேறு சொந்தம் கிடையாது. எங்களுக்கும் கிடையாது. என் அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களுக்கு அவர் வீட்டில்தான்.

அவர் தையல் மெஷின் கடைக்கு முன்னால் அஞ்சடியில் இருக்கும். கடை வாசலில் மழை படாமல் நடந்துபோக விட்டிருக்கிற நடைபாதையைத்தான் அஞ்சடி என்போம். துணி வாங்க வந்து நிற்பவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே, அவர் முறைக் கணக்குப் போடுவார். “என் அம்மாவோட ஒரே அண்ணனுக்கு ஒரே தங்கச்சி. அவ எனக்கு யாரு?” என்பார். காத்திருப்பவன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, “சின்னம்மா?” என்பான். “பெத்த அம்மாவையே மறந்துட்டியாடா!” என்று மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

விளையாட்டு மட்டும் இல்லை. எங்கள் தேக்கா வட்டாரத்தில் கல்யாணம் என்றால் பத்து ஊர்க்காரர்கள் கூடியிருப்பார்கள். யார் யாருக்கு மாமன், யார் யாருக்குப் பங்காளி, மாலையை யார் எடுத்துக் கொடுப்பது, ஒன்றும் புரியாது. அவரிடம்தான் வருவார்கள். துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு வட்டம் என்று போட்டு, “இவர்தான் மாமன், போய் மாலையைக் குடுங்க” என்று முடித்துவிடுவார். அவர் போட்ட முறையை யாரும் மாற்றிப் பேசியதில்லை.

அதனால்தான் எனக்குப் பயம். ஒருநாள் மில்லில் மல்லி அரைத்துக்கொண்டிருக்கும்போது அவளைக் கட்டிக்கொள்ள ஆசை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மெஷின் சத்தத்தில் காதில் விழாமல், “என்னது?” என்றார். ரகசியத்தை நான் கத்திச் சொல்லவேண்டியதாகிவிட்டது. அப்பா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “கேட்டுப் பாக்கறேன்டா” என்றார், அவ்வளவுதான்.

தையல்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இவனைவிட நல்ல பையன் எனக்கு எங்க கிடைக்கப்போறான்? ஆனா நீங்க எனக்கு அண்ணன். உங்க மகன் எனக்கும் மகன். என் பொண்ணு அவனுக்குத் தங்கச்சியில்ல? ஊருக்கெல்லாம் முறை சொல்லிட்டு நானே முறை தப்பினா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?” என்றார். அப்பாவும் தம்பி சொல்லிவிட்டான் என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடப் போனோம். போகாமல் இருந்தால் உறவு முறிந்தது என்று ஆகிவிடும். படியில் ஏறினேன். தும்மல் கேட்கவில்லை. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள். பிறகு சொன்னாள்.

ஆட்டுக்கறிக் குழம்பு. யாரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய அம்மா கரண்டியோடு வந்து என் அப்பாவிடம், “அண்ணே, ரசம் ஊத்தட்டுமா?” என்றார்.

அடுப்படி வாசலில் நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். விறுவிறு என்று வந்து தன் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

“அப்பா, ஒரு கணக்கு.”

“யாருகிட்ட? என்கிட்டயேவா? போடு, போடு.” அவருக்கு அந்த மௌனம் கலைந்ததே சந்தோஷம்.

அவள் பலகைத் தரையில் ஒரு கோடு போட்டாள். “இவர் ஒருத்தர். இந்தப் பக்கம் ஒரு ஆம்பளை, இவரை அண்ணன்னு கூப்பிடறார். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, அவங்களுக்கும் இவர் அண்ணன். அப்ப இந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை?”

“அண்ணன் தங்கச்சி. இதெல்லாம் ஒரு கணக்கா?”

“இல்லப்பா. அவங்க புருஷன் பொண்டாட்டி.”

“சீச்சீ! எந்த ஊர்ல அந்த மாதிரி...” என்றவர் அப்படியே நிறுத்தினார். கரண்டியோடு நின்ற மனைவியைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ரசம் தரையில் சிந்தியது. “ஐயோ, இத்தனை வருசமா உங்க கூடப்பொறந்தவளாவா நான் குடும்பம் நடத்தியிருக்கேன்!”

“அது மட்டுமில்ல” என்று அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். “இவங்க உங்களைச் சித்தப்பான்னு கூப்பிடறாங்க. அம்மாவை அத்தைன்னு கூப்பிடறாங்க. சித்தப்பா பொண்டாட்டி அத்தையா?”

நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவள் மட்டும் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தையல்காரர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கோட்டின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. “சரி. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். கப்பல் முதல்ல வந்துச்சு. உங்கம்மா பின்னாடிதான் வந்தா. அதனால நான் கூப்பிட்டதுதான் செல்லும்.”

அவள் காதுக் கம்மலைத் தொட்டாள். “எனக்குக் காது குத்தினப்ப நான் யாரு மடியில உக்காந்தேன்?”

அவர் கண் என் அப்பாவின் மடிக்குப் போனது.

“சொல்லுங்களேன்” என்றார் அந்த அம்மா. “எனக்கு இந்த ஊர்ல கூடப்பொறந்தவன் இல்லியேன்னு நான் அழுதேன். நீங்கதான் பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில வச்சீங்க. ‘தாய்மாமன் மடி இதுதான், குத்துங்க’ன்னு ஆசாரிகிட்டச் சொன்னது யாரு? நானா?”

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். பெரியப்பா மடியில் வைத்து யாரும் குத்துவதில்லை. தாய்மாமன் மகன் கட்டிக்கொள்கிற முறை. மேலே கணக்குப் போட ஒன்றும் இல்லை. முறையைச் சொன்னவரும் அவரே.

சுண்ணக்கட்டியை வாங்கினார். ஆனால் கோடு போடவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“கணக்கு சரிதான். அப்ப எனக்கு அண்ணன்?” என்றார். “எனக்கு இருக்கிறது ஒரே ஒருத்தர். அவரை மச்சான்னு ஆக்கிட்டா நான் யாரைப் போய் அண்ணேன்னு கூப்பிடறது?”

அவர் முறைக்காக மட்டும் மறுக்கவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

என் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. எச்சில் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு அவர் தோளைத் தொட்டார். “மச்சான்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்க மாட்டேனா? கூப்பிட்டுப் பாரு.”

அவர் கூப்பிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோவிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைச் சட்டையை அவரே தைத்தார். என்னைப் பார்த்ததும் மணவறையிலேயே அவள் தும்மினாள், ஐயர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவர் என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மச்சான் என்றும் கேட்டதில்லை. “இந்தா பாருங்க” என்பார், “கேட்டீங்களா” என்பார். நாங்கள் குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவார். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். அப்பாவும் உடனே எழுந்துவிடுவார்.

அப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். சம்பந்தி என்ற முறைக்குத் தையல்காரர் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தினார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடற்கரையில் காரியம் நடந்தபோது எனக்கு மொட்டையடிக்க ஆள் வந்தது. எனக்கு முடித்துவிட்டு அந்த ஆள் கத்தியைத் துடைக்கும்போது, தையல்காரர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சம்பந்தி மொட்டை போடற வழக்கமில்லீங்களே. மகன், தம்பிங்கதான் போடுவாங்க” என்றார் கூட வந்த ஒருவர்.

“தெரியும்” என்றார் அவர். “தண்ணி தெளிப்பா.”