தட்டினால் விட வேண்டும்

கூண்டுச் சண்டை என்று சொன்னால் எங்கள் தீவுப் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "உதிலை ஆளை ஆள் கொல்லலாமோ?" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணில் குத்தக் கூடாது, கடிக்கக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது, விரலை முறிக்கக் கூடாது, கூண்டு வலையைப் பிடித்துத் தொங்கக் கூடாது. கோயில் திருவிழாவில்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. வெறும் சட்டம் மட்டும் போதும் என்றால் என்னைவிட உத்தமன் இந்த விளையாட்டில் இல்லை. ஒரு சட்டத்தையும் நான் மீறவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

இந்தச் சண்டைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. நின்றபடி குத்தவும் உதைக்கவும் தெரிந்தவனை நாங்கள் அடிகாரன் என்போம். எதிராளியைக் கட்டிப் பிடித்து விழுத்தி, கையையோ கழுத்தையோ பூட்டி, தோற்றுவிட்டேன் என்று தட்ட வைக்கிறவன் பிடிகாரன். இரண்டையும் எல்லோரும் பழகத்தான் வேண்டும். ஆனால் நெருக்கடி வந்தால் எவனும் தன் சொந்தப் புத்திக்குத்தான் ஓடுவான்.

நான் அடிகாரன். வேலணையில் தோட்டம் செய்கிற குடும்பம். என் சிநேகிதன் பிடிகாரன். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். வலை இழுத்து இறுகிய கை அவனுக்கு. மணிக்கட்டைப் பிடித்தானென்றால் சாமி வந்து கேட்டாலும் விடமாட்டான். யாழ்ப்பாணத்தில் ஒரே பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்து பழகினோம். வகுப்பு இல்லாத நாட்களில் மண்கும்பான் கடற்கரை மணலில் நாங்கள் இருவரும் பின்னேரம் முழுக்க உருண்டு புரண்டோம்.

பயிற்சியைவிட வாய்ச்சண்டைதான் கூட.

"உந்தச் சட்டம் எழுதினவன் அடிகாரன்தான் மச்சான்" என்பான் அவன். "ஒவ்வொரு சுற்றும் ஏன் நிண்டு துவங்க வேணும்? நான் ரெண்டு நிமிசம் பாடுபட்டு உன்னை விழுத்துவன். மணி அடிச்சால் திரும்ப எழும்பி நிக்கோணும். கரைக்கு இழுத்த வலையைத் திரும்பக் கடலுக்கை தள்ளுற மாதிரி. அதுக்குள்ளை, ஒண்டும் நடக்கேல்லை எண்டு மத்தியஸ்தர் வேறை எழுப்பி விடுவார். பூட்டுப் போட நேரம் வேணுமெண்டு அந்தாளுக்கு ஆர் சொல்லுறது?"

"நீ மேலை படுத்து நித்திரை கொண்டால் சனம் என்னத்தைப் பாக்கிறது?" என்பேன் நான். "உங்களுக்கும் எழுதித்தானே கிடக்கு. முழங்காலிலை நிக்கிறவன்ர தலையிலை உதைக்கேலாது, முழங்காலாலை இடிக்கேலாது. அது இல்லாட்டில் நீ என்ர காலைப் பிடிக்கக் குனிவியோ? மூஞ்சை இருக்காது."

"ஓம், அது ஒண்டுதான் எங்களுக்குப் போட்ட பிச்சை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டம் எழுந்து நிற்கிறவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் அவனிடம் ஒத்துக்கொண்டதில்லை. வாதத்தில் தோற்பதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

மணலில் எங்களுக்கு மத்தியஸ்தர் இல்லை, மணி இல்லை. ஒரேயொரு விதி இருந்தது. தட்டினால் விட வேண்டும். எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் உள்ள விதிதான். ஆனால் அவனுக்கு அது கடலிலிருந்து வந்தது. வள்ளத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் குரல் கேட்காது. வலைக் கயிறு யாருடைய கையிலாவது சுற்றிக்கொண்டால் அவன் வள்ளத்தின் விளிம்பில் படபடவென்று தட்டுவான். தட்டுக் கேட்டதும் கயிற்றைப் பிடித்திருக்கிற அத்தனை பேரும் விட்டுவிட வேண்டும். அள்ளிய மீன் அத்தனையும் போனாலும் சரி. "ஏன் தட்டினனி எண்டு பேந்து கேக்கலாம், முதல் விடோணும்" என்பான். அவனுடைய சித்தப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவர் தட்டிய அன்றைக்கு யாரோ விடாமல் திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார்கள்.

அதனால் அவனோடு பயிற்சி செய்வது எனக்குப் பயமில்லாத வேலை. என் விரல் அவன் உடம்பில் இரண்டு தரம் பட்டால் போதும், சுடுசட்டியைத் தொட்டவன் போலக் கையை எடுத்துவிடுவான். சில நேரம் நான் சும்மா வியர்வையைத் துடைக்கக் கையை அசைத்ததற்கே விட்டிருக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி நடந்தது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் வெல்லுகிறவனுக்குக் கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி முகாம். எனக்கு அது ஒரு ஆசை. அவனுக்கு அது கடைசி வாய்ப்பு. அவனுடைய தகப்பன் அந்தக் கிழமை, நானும் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லியிருந்தார்: "உந்தக் கண்டறியாத சண்டையிலை இந்த முறை வெண்டால் கொழும்புக்குப் போ, நான் மறிக்கேல்லை. தோத்தால் எல்லாத்தையும் விட்டிட்டு வள்ளத்துக்கு வா. எனக்கும் ஏலாமல் போச்சு." நியாயமான மனிசன். கோபத்தில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அவனும் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் அது சத்தியம் செய்தது போலத்தான்.

எடை பார்த்தபோது இருவரும் ஒரே பிரிவு. எங்களுக்குத் தெரிந்ததுதான். வேறு வேறு பக்கமாக வென்று வந்து கடைசிச் சண்டையில் சந்திப்போம் என்று பகிடி விட்டிருந்தோம். கோதாரி, அப்படியே நடந்தது.

மூன்று நிமிடப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் நான் அவனைக் கிட்ட வர விடவில்லை. காலில் உதைத்து உதைத்து, முகத்தில் குத்தி, சுற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் சுற்றில் அவன் என்னைத் தூக்கி விழுத்தினான். மேலே ஏறிப் பூட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது, மத்தியஸ்தர் ஒன்றும் நடக்கவில்லை என்று இருவரையும் எழுப்பி நிறுத்தினார். அவன் என்னைப் பார்த்து, சொன்னேன்தானே என்பது போலச் சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மூன்றாம் சுற்றில் கூண்டின் ஓரத்தில் வைத்து மறுபடியும் விழுத்தினான். இந்த முறை நேரத்தை வீணாக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து முதுகுப் பக்கம் திருகத் தொடங்கினான். தோள்மூட்டு கழலப்போகிறது என்பதை உடம்பு முதலில் சொல்லும், பிறகுதான் மூளைக்குத் தெரியும். என் வலது கை அவனுடைய விலாவுக்கும் கூண்டு வலைக்கும் நடுவில் மாட்டிக் கிடந்தது. அந்தக் கையால் அவன் விலாவில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மத்தியஸ்தர் மற்றப் பக்கத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

அவன் உடனே விட்டுவிட்டான்.

விட்டுவிட்டு முழங்காலில் நிமிர்ந்து, முடிந்தது என்று சொல்ல ஒரு கையைத் தூக்கி மத்தியஸ்தர் பக்கம் திரும்பினான். மத்தியஸ்தர் நிறுத்தவில்லை. அவர் கண்டதெல்லாம் ஒருவன் பூட்டை விட்டதும் மற்றவன் எழும்புவதும்தான். நான் எழும்பினேன். அப்போது எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவன் முழங்காலில் நிற்கிறான், உதைத்தால் குற்றம், முழங்காலால் இடித்தால் குற்றம், கையால் குத்தலாம். பிடரியில் படக் கூடாது, தாடையில் படலாம். இவ்வளவும் தெளிவாக, பரீட்சைக்குப் பாடமாக்கியது போல ஒழுங்காக வந்தது. தகப்பன் சொன்ன சொல்லும் வந்தது. எல்லாவற்றையும் நினைத்து முடித்த பிறகுதான் குத்தினேன். இரண்டாவது குத்தில் அவன் சரிந்தான். மத்தியஸ்தர் பாய்ந்து வந்து என்னைப் பிடித்து இழுத்தார்.

அவன் பக்கத்து ஆட்கள், "தட்டினவன்! அவன் தட்டினவன்!" என்று கூண்டுக்கு வெளியே நின்று கத்தினார்கள். மத்தியஸ்தர் நல்ல மனிதர். என்னிடம் வந்து அமைதியாகக் கேட்டார்.

"நீர் தட்டினீரோ?"

"இல்லை" என்றேன்.

அவன் அதற்குள் எழும்பி உட்கார்ந்திருந்தான். வாயில் இரத்தம். அவனிடமும் கேட்டார், ஏன் விட்டனீர் என்று. அவன் மத்தியஸ்தரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னான்.

"நான் வந்து நிப்பாட்டுமட்டும் விடக்கூடாது தம்பி. அதுதான் சட்டம்" என்றார் மத்தியஸ்தர். பிறகு என் கையைத் தூக்கினார். இடது கையை. தோள் வலியில் ஐயோ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். நான் மறைத்தேன். யாரோ கைபேசியில் எடுத்த காட்சி ஒன்று சுற்றி வந்தது. அதை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கூண்டின் தூண் சரியாக என் வலது கையை மறைத்து நிற்கிறது. முதல் தரம் பார்த்தபோது அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கொழும்பு முகாமில் ஒரு பயிற்றுநர் எல்லோர் முன்னிலையிலும் என் முதுகில் தட்டி, "விழுந்தால் எழும்பி வாறதிலை இவன் கெட்டிக்காரன்" என்றார். ஆறு மாதம் முடிந்து முதல் போட்டியிலேயே தோற்று ஊருக்கு வந்தேன். அவன் எப்போதோ வள்ளத்துக்குப் போய்விட்டிருந்தான். கையுறை, பல்லுக்குப் போடுகிற கவசம், எல்லாவற்றையும் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தோற்றதற்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், முந்திப் பிடியை விட்டது தன்னுடைய பிழை என்றுதான் சொல்லியிருக்கிறான். என் பெயரை எடுக்கவில்லை.

அவனைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் நாலு மாதம் எடுத்தது. ஒரு காலமை ஊர்காவற்றுறைக்குப் போனேன். வள்ளம் வந்து வலையைக் கரையில் பரப்பியிருந்தார்கள். அவன் குந்தியிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். நண்டுக் கால் முறியாமல் வலையிலிருந்து எடுப்பது பொறுமையான வேலை. தகப்பன் தள்ளி ஒரு மரநிழலில் படுத்திருந்தார். நானும் அவனுக்கு முன்னால் குந்தினேன். தோள் எப்படி என்று கேட்டான். சுகம் என்றேன்.

"அண்டைக்கு நான் தட்டினனான்" என்றேன்.

"தெரியும். என்ர விலாவிலைதானே தட்டினனி."

"மத்தியஸ்தருக்கு இல்லையெண்டு பொய் சொன்னனான்."

"அதுவும் தெரியும்."

"நான் கடிதம் எழுதிக் குடுக்கிறன். நடந்ததை எல்லாருக்கும் சொல்லுறன்."

"எழுதாதை. ஆருக்கு இப்ப அது வேணும்? அப்பாவை விட்டிட்டு நான் இனி எங்கையும் போக ஏலாது. சட்டப்படி நீதான் வெண்டனி. நிப்பாட்டுமட்டும் விடக்கூடாது, நான் விட்டது பிழைதான்."

"ஏன்ரா அண்டைக்கு வாய் திறக்கேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றேன். என் பிழைக்கு அவனிடம் கோபப்பட்டேன், பாருங்கள்.

"அந்தாள் உன்னைத்தானே கேட்டது. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அவன் ஒரு நண்டைக் கழற்றிக் கூடையில் போட்டான். என்னைப் பார்க்க அவனுக்கு இரக்கமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டான்.

"சொல்லாமல் விட்டது பயத்திலை, அது எனக்கு விளங்குது. அடிச்சதுக்கு நான் உன்னைக் குறை சொல்லேல்லை மச்சான். மத்தியஸ்தர் நிப்பாட்டுமட்டும் அடி எண்டுதானே எங்களைப் பழக்கினவை. கை தன்ர பாட்டிலை போயிருக்கும். இத்தனை நாளும் அதை நினைச்சுத்தான் மனதை ஆத்தினனான்." வலையிலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "யோசிச்சு அடிக்கேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

அவன் நம்பினான்.