ஆவடிக்குப் பெண் பார்க்க

நான், மனைவி, மாமனார், மாமியார், மச்சினன் செல்வம். செங்கல்பட்டிலிருந்து வந்திருக்கிறோம். செல்வத்துக்கு ஆவடியில் பெண் பார்க்க வேண்டும். ஆறு மணிக்குள் நல்ல நேரம் முடிகிறது.

மெட்ராஸ் சென்ட்ரல் பக்கத்தில் லோக்கல் வண்டிக்கென்று புது ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்கள். பத்துக் கல்யாண மண்டபத்தைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு பெரிதாக எதற்கோ. சுற்றிச் சுற்றிக் கால் வலிக்கிறது. கடைசியில் நிற்கிற ஒரு வண்டியில் ஏறி உட்காருகிறோம். முகம் கழுவிப் பவுடர் போட்டு வருவதாகச் செல்வம் குழாயடிக்கு இறங்கிப் போகிறான்.

சுண்டல்காரர் எங்கள் பழத்தட்டைப் பார்க்கிறார்.

"எங்க நைனா, விசேசமா?"

"ஆவடிக்கு."

"இது கும்மிடிப்பூண்டி போறது. ஆவடி வண்டி அந்தாண்ட கீது. கெளம்பப் போவுது, ஓடு."

ஓடுகிறோம். மாமியாரைத் தூக்காத குறையாக ஏற்றுகிறேன். வண்டி நகர்கிறது.

"செல்வம் எங்க?" என்கிறாள் மனைவி.

பெண் பார்க்கப் போகிறவர்கள் நான்கு பேர்.