பனியாற்றுக்குத் துணை தேடிச் சிங்கப்பூர் போனேன்

இமயமலை வடக்கே இருக்கிறது. நான் கிழக்கே கப்பலேறினேன். நாகப்பட்டினம் கடற்கரைக்கு வழியனுப்ப வந்தவர்களில் இதைக் கேட்காதவர் ஒருவர்கூட இல்லை. "வாத்தியாருக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று ஒரு பெரிய மனிதர் என் காதில் விழும்படியே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாசி மாதம் ஒரு புதன்கிழமை மேல்தளச் சீட்டு வாங்கிப் பாயும் மூட்டையுமாக ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் என் தம்பி சாமிநாதன். சிங்கப்பூரில் குதிரை வண்டி செய்யும் பட்டறையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். போன வைகாசியில் அவனும் அதே பட்டறைச் சிநேகிதன் முத்தையாவும் கல்கத்தாவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து ரயிலிலும் கால்நடையாகவும் கங்கோத்திரி சேர்ந்தார்கள். அதற்கும் மேலே பனிக்கட்டிக்கு அடியிலிருந்து கங்கை வெளியே வருகிற கோமுகம் இருக்கிறது. அதற்கப்பால் ஆறே உறைந்து கிடப்பதுபோல் மலைக்கு நடுவில் மைல்கணக்கில் பனியாறு. இரண்டு பேர் போனார்கள், ஒருவன் திரும்பினான். முத்தையாவிடமிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "பனியில் வழுக்கி வெடிப்பில் விழுந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. மன்னிக்கவும்." அவ்வளவுதான்.

அம்மா காரியம் செய்யவிடவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்றார் சாஸ்திரிகள். "புல்லையா பெத்தேன் நான்?" என்று கேட்டு அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். அவன் விழுந்த இடத்தை யாராவது கண்ணால் பார்த்து, அங்கேயே எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வரவேண்டும்; அதுவரை அவன் செத்தவன் இல்லை என்றாள். அந்த இடம் தெரிந்த ஒரே மனிதன் சிங்கப்பூரில் இருந்தான்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குத் தஞ்சோங் பகார் துறையில் இறங்கினேன். ரிக்‌ஷாவில் சுண்ணாம்புக் கம்பத்துக்கு இருபது காசு. நம்மவர்கள் சிராங்கூன் ரோட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். ஏறக்குறைய மூன்றரை மைல். மின்சார டிராம் மணியடித்துக்கொண்டு பக்கத்திலேயே போயிற்று. ரோட்டின் இருபுறமும் மாட்டுக் கொட்டில், வைக்கோல், சாணி நாற்றம். நாகப்பட்டினத்தை யாரோ பெயர்த்து வந்து சீனர்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்களோ என்று இருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன். முத்தையாவைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று எட்டு நாளும் கடலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பட்டறை வாசலில் சக்கரத்துக்கு ஆரம் பூட்டிக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த மரக் கொட்டாப்புளி கீழே விழுந்தது.

"அண்ணே... சாமியோட அண்ணன்தானே? நடந்து வர்றப்ப அவன்தான் வர்றான்னு நெனச்சுட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டு அழுகிறவனை எங்கே பிடித்து உலுக்குவது?

கூட வந்து அந்த இடத்தைக் காட்டு என்றேன். நான்கு நாள் அவன் பிடிகொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தானே வந்து, வருகிறேன் என்றான். ஆனால் இரண்டு பேர் போகக்கூடாது. "ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தனால இழுக்க முடியாது அண்ணே. மூணு பேரு ஒரே கயித்துல கட்டிக்கிட்டுப் போகணும்." வழிகாட்டிக்கு ஆள் கிடைக்காதா என்றேன். கோமுகத்தைத் தாண்டி அந்த ஊர்க்காரர்கள் கால் வைப்பதில்லையாம். போனால் நாமாகத்தான் போகவேண்டும். அதனால் கற்க வேண்டியதை இங்கேயே கற்றுக்கொண்டு புறப்பட வேண்டும் என்றான்.

மூன்றாமவனைத் தேடி எருமைச் சாலையிலிருந்து துறைமுகம் வரை அலைந்தோம். ஒரு பால்காரர் பனிமலையில் மாட்டுக்குப் புல் உண்டா என்று விசாரித்தார். நகை செய்கிற ஒருவர் அங்கே தங்கம் கிடைக்குமா என்றார். மளிகைக்கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் சரியென்று தலையாட்டினார். மறுநாள் அவர் மனைவி வந்து எங்கள் இருவரையும் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போனாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் துறைமுகத்தில் அகப்பட்டவர் காசிம் பாய். நாகூர்க்காரர், ஐம்பது வயது, முப்பது வருஷம் கப்பலில் கயிறு பிடித்த கை. பனி கொட்டும் துறைமுகங்களில் குளிர்காலம் கழித்தவர். நாங்கள் போட்டுப் பழகிய முடிச்சைப் பார்த்தார்.

"இதுல ஆட்டுக்குட்டியக்கூடக் கட்டாதீங்க வாத்தியாரே, ஓடிப்போயிரும்." பிறகு என் தம்பி கதையைக் கேட்டார். "எனக்குப் புள்ளகுட்டி கெடையாது. நான் வாரேன்லா."

அதன்பிறகு பதினைந்து நாள் பயிற்சி. ஆற்றங்கரையில் ஐஸ் செய்யும் ஆலை ஒன்றில் காசிம் பாய்க்குத் தெரிந்தவர் இருந்தார். உடைந்த பாளங்களை முற்றத்தில் சரிவாக அடுக்கிக்கொள்ள அவர் அனுமதித்தார். காலை ஆறு மணிக்குப் போனால் எட்டரைக்குள் வெயில் எல்லாவற்றையும் தண்ணீராக்கிவிடும். சீனக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்த கோடரியால் ஐஸில் படி வெட்டினோம். நாற்பது முழம் மணிலாக் கயிற்றை இடுப்பில் பிணைத்துக்கொண்டு, ஒருவர் விழ மற்றவர்கள் தாங்கிப் பழகினோம். கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் மூன்று தமிழர்கள் கம்பளி போட்டுக்கொண்டு வியர்வை சொட்ட ஐஸ் கட்டியில் ஏறினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நானே சிரித்தேன். தம்பி செத்தபிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

பட்டாளத்தார் கழித்த பூட்ஸ் வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பதினெட்டு ஆணி அடித்துக்கொண்டோம். காலை முதல் இரவு வரை போட்டே பழகவேண்டும் என்பது முத்தையாவின் கட்டளை. செருப்பே எப்போதாவது போடுகிற கால் என்னுடையது. மூன்றாம் நாளே குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. எண்ணெய் கேட்டு முத்தையாவின் அறைக்குப் போனேன். கட்டிலுக்கடியில் துணி சுற்றி ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. அடியில் பதினெட்டு ஆணி. உள்ளே பேனாக்கத்தியால் கீறிய 'சா'. என் தம்பியின் எழுத்து.

"விழுந்தவனோட பூட்ஸ் உங்கிட்ட எப்படிடா வந்துச்சு?"

எட்டு நாள் மனப்பாடம் செய்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. சட்டையைப் பிடித்தேவிட்டேன். அவன் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

"கோமுகத்துக்கு வந்ததும் சாமி நின்னுட்டான் அண்ணே. 'கங்கை பொறக்குற எடம்டா, பூட்ஸோடயா மிதிக்கிறது'ன்னு கழட்டிட்டான். என்னையும் கழட்டச் சொன்னான். ஆணி இல்லாம ஐஸுல நிக்க முடியாதுடான்னு காலப் புடிச்சுக் கெஞ்சினேன். கேக்கல. 'ஒன்ன மாதிரிப் பாவியோட ஒரே கயித்துல வரமாட்டேன்'னு இடுப்பு முடிச்ச அவுத்துப் போட்டுட்டான். பத்து அடிகூட இருக்காது. கால் போயிருச்சு. கயித்த உள்ள விட்டேன். 'முத்தையா'ன்னு ஒரு கொரல் வந்துச்சு. அப்புறம் வரல. சாயங்காலம் வரைக்கும் கயித்தப் புடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

நான் அவன் சட்டையை விட்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி? சாமிநாதனுக்கு ஏழு வயதிருக்கும்போது கோயில் பிராகாரத்துக்குள் செருப்போடு ஓடி வந்தான். நாலு பேர் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்தவன் நான். உதடு வீங்கிவிட்டது. பிறகு வாழ்நாளில் அவன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அந்தக் கையை அன்றிரவு வெட்டிப் போட்டிருந்தாலும் எனக்கு வலித்திருக்காது.

"சத்தியம் பண்ணுங்க அண்ணே, அங்க வந்து கழட்டமாட்டேன்னு" என்றான். அம்மாமேல் ஆணையாகச் செய்துகொடுத்தேன். மனதாரத்தான் செய்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்கத்தா கப்பலுக்குச் சீட்டு விசாரித்துவிட்டு மூவரும் சிராங்கூன் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஆறரை இருக்கும். சீட்டு திங்கட்கிழமை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மனம் லேசாக இருந்தது. அம்மன் கோயிலுக்கு எதிரே வரும்போது தீபாராதனை மணி அடித்தது. திரை விலகி, கற்பூர ஒளியில் அம்மன் முகம் ரோட்டிலிருந்தே தெரிந்தது. கைகூப்பி நின்று, 'தாயே, என் தம்பி இருக்கிற இடத்துக்கு என்னைக் கொண்டு சேர்' என்று கேட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது முத்தையா அம்மனைப் பார்க்கவில்லை.

"கீழ பாருங்க அண்ணே."

பார்த்தேன். என் பூட்ஸ் இரண்டும் ஓரமாக நின்றன. புண்ணுக்காக அவற்றின் கயிற்றைத் தளர்த்திவிட்டிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. வெறுங்காலோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன் முத்தையா."

"தெரிஞ்சு பண்ணினா சொல்லித் தடுக்கலாம் அண்ணே. தெரியாமப் பண்றத யாரு தடுக்குறது?"

காசிம் பாய் இடையில் வந்தார். "நான் எதுக்கு இருக்கேன்? வாத்தியார் கால நான் புடிச்சுக்கிட்டே வாரேன்."

"எம்புட்டு நேரம் பாய் புடிப்பீங்க?" என்றான் முத்தையா. "நான் வரல அண்ணே. இன்னொரு ஜோடி பூட்ஸத் தூக்கிக்கிட்டு அந்த மலையில எறங்க என்னால ஆகாது."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கெஞ்சினேன். நான் வேறு ஒருவரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் அசையவில்லை. அவன் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும்; அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நாகப்பட்டினம் கப்பலில் ஏறினேன். இருவரும் துறைமுகத்துக்கு வந்திருந்தார்கள். காசிம் பாய் என் மூட்டையைச் சுமந்து வந்து நல்ல இடமாகப் பார்த்துப் பாய் விரித்துக் கொடுத்தார். கப்பல் நகர்ந்தபின் முத்தையா கரையோரமாகவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான்.

மேல்தளத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பினாங்கு தாண்டியாயிற்று. அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் மிச்சம். பொய் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததையே சொன்னால் போதும். கங்கை பிறக்கும் இடத்தைக் கண்டதும் உன் பிள்ளை பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போனான் என்று சொன்னால், அவள் அழுவாள். பிறகு கங்கையே அவனை எடுத்துக்கொண்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாஸ்திரிகளை வரச்சொல்லுவாள். தெருவில் எல்லாரிடமும் சொல்லுவாள். என் பெரிய பிள்ளை வளர்த்த பிள்ளை என்று, என் தலையைத் தடவிச் சொல்லுவாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.