தன் கல்லுக்குத் தானே இறங்கி நடந்தவர்

1944 ஆகஸ்டு 6 — கல், கொத்துக்கூலி, ஓர் ஆடு: பதினான்கு ரூபாய் ஆறணா.
1946 ஏப்ரல் 3 — வேலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு பஸ்: பதினோரணா.
1951 மார்ச் 11 — சைக்கிள், பழையது: எண்பத்தைந்து ரூபாய்.
1979 ஆகஸ்டு 5 — ஆடு, பூ, கற்பூரம்: நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.
அதே நாள் — கறிச்சோறு: செலவில்லை.

இந்தச் செலவுக் கணக்கின் முதல் வரியில் உள்ள கல், ஜவ்வாது மலையில் பாறைக்கொல்லை என்னும் சிற்றூரின் ஓரத்தில், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்குப் போகிற பாதை வளையும் இடத்தில் நடப்பட்டது. போரில் இறந்துபோன தீர்த்தகிரிக்கு ஊரார் நட்ட கல். இரண்டாம் வரியில் பஸ் ஏறி வந்தவர் அதே தீர்த்தகிரி. மூன்றாம் வரியில் சைக்கிள் வாங்கியவரும் அவரேதான்.

பாறைக்கொல்லையிலிருந்து அவரும், நெல்லிவாசல்நாட்டிலிருந்து அவருடைய கூட்டாளி வீரனும் 1941-இல் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. அசாம் பக்கம் கடப்பாறை பிடித்துப் பாதை போடுகிற வேலை. 1944-இல் ஒரு பாலத்தின் மேல் குண்டு விழுந்து வீரன் செத்துப்போனான். தீர்த்தகிரி அதற்கு முந்தைய வாரமே காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பேர் எழுதியவர் யாரோ மாற்றி எழுதிவிட்டார். பாறைக்கொல்லைக்குக் கடுதாசி வந்தது. நெல்லிவாசலுக்கு ஒன்றும் வரவில்லை. இங்கே கல் நட்டு ஆடு வெட்டினார்கள். அங்கே வீரனின் தாய் மகன் வருவான் என்று சாமை இடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தீர்த்தகிரி திரும்பி வந்த அன்று அவருடைய கல்லுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன் தம்பி கோபால்சாமி. கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினவன், ஒரு நாழிகை கழித்துத்தான் பலாமரத்திலிருந்து இறங்கினான்.

தவறு நடந்துவிட்டது, கல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார் தீர்த்தகிரி. அது முடியாது என்றது ஊர். நட்டு, கண் திறந்து, ஆடு கொடுத்த கல்லைப் பிடுங்கினால் ஊர் தாங்காது. அதுவும் அந்த இரண்டு ஆண்டுகளில் நல்ல மழை. கேட்டவர்களுக்குப் பிள்ளை வரம் வேறு கிடைத்திருந்தது. கல்லுக்குத் தீர்த்தகிரியப்பன் என்று பேரும் வந்தாயிற்று. அதற்குமேல் தீர்த்தகிரி என்கிற ஆள் உயிரோடு இருப்பது அவருடைய சொந்த விஷயம்.

இதில் அவருக்கு இரண்டு சங்கடங்கள். "கல்லுக்குப் பொண்ணு தர்றதில்ல" என்று மலையில் எவரும் பெண் கொடுக்கவில்லை. கீழே இறங்கி ஒடுகத்தூரில் மண்டிவேலைக்குப் போய், அங்கேயே மங்கம்மாளைக் கட்டிக்கொண்டார். "சாமின்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க. ஒரு வரமும் காணோம்" என்று மங்கம்மாள் இன்றுவரை சொல்வாள். இரண்டாவது சங்கடம் பெரியது. இறந்தவனுக்குப் படைத்த சோற்றை அவனே தின்னக்கூடாது என்பது மலை வழக்கம். ஆடி மூன்றாம் ஞாயிறு பாறைக்கொல்லையில் கல்லுக்குப் பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அவர் மட்டும் தள்ளிப் பாறைமேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்பார்.

சைக்கிள் வாங்கிய பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மலைக்குப் போவது வழக்கமாயிற்று. ஒடுகத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜப்பார் பாய்தான் வண்டியை விற்றவர்; ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"உலகத்துல எல்லாரும் அடுத்தவன் சமாதியைப் பார்க்க ஜியாரத் போவாங்க. தன் சமாதிக்குத் தானே ஜியாரத் போற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்பார் ஜப்பார்.

"உனக்கு வயித்தெரிச்சல் பாய். உனக்கு யாரு கல்லு நடுவா?"

"எனக்கு இன்னாத்துக்கு கல்லு? உன்னாண்ட வர வேண்டிய சைக்கிள் பாக்கியே கல்லு மாதிரி அசையாம கீது."

காலையில் ஒடுகத்தூரிலிருந்து மலைக்குப் போகிற சாலை வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லைகள். புளியமர நிழல் சாலையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். செயின் சத்தமும் கௌதாரிச் சத்தமும்தான் கேட்கும். அடிவாரத்து ஊரொன்றில் கிணற்றடிச் சுவரில் ஒரு பலகைக்கல் பதித்திருக்கிறது: 1914 யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து ஒன்பது பேர் போனார்கள், இருவர் உயிர் கொடுத்தார்கள் என்று. தீர்த்தகிரி அங்கே இறங்கித் தோள்துண்டால் எழுத்துகளின் தூசியைத் தட்டிவிட்டு ஏறுவார். ஆலங்காயம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேடியப்பன் கற்கள் மூன்று. கையில் வில்லோடு, எந்தக் காலத்துச் சண்டையில் செத்தவர்களோ. அங்கேயும் இறங்குவார். அதற்குமேல் ஏற்றம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். திரும்பி இறங்கும்போது பிரேக்கை நம்பாமல், பின்னால் ஒரு தழைக்கொம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்.

பாறைக்கொல்லை வளைவில் ஒரு விதி உண்டு. கல்லுக்கு முன்னால் யாரும் வண்டிமேல் உட்கார்ந்து போகக்கூடாது. பத்தடிக்கு முன் இறங்கி, பத்தடி தாண்டி ஏற வேண்டும். மாட்டுவண்டிக்காரன் இறங்குவான். காவலூர் வானாய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவார்கள். தீர்த்தகிரியும் இறங்குவார். தன் கல்லுக்குத் தானே இறங்கி நடப்பதைப் பார்த்து ஆடு மேய்ப்பவர்கள் சிரிப்பார்கள். "சாமி வர்றாரு, சாமி இறங்குறாரு" என்பார்கள்.

வீரனுக்கு மட்டும் எங்கும் கல் இல்லை. செத்து ஓராண்டு திரும்புவதற்குள் நட்டால்தான் போனவன் வந்து கல்லில் உட்காருவான் என்பது மலையில் நம்பிக்கை. தீர்த்தகிரி வந்து சேதி சொன்னபோது ஆண்டு கடந்துவிட்டிருந்தது. தாய் போனபின் வீரனுக்கென்று மிஞ்சியவள் தங்கை பச்சையம்மா ஒருத்திதான். 1979 வைகாசியில் அவள் ஒடுகத்தூர் சந்தைக்குப் புளி கொண்டுவந்தபோது தீர்த்தகிரியின் வீட்டுக்கு வந்தாள்.

"உசுரோட இருக்கிற உனக்குக் கல்லு கீது. செத்த எங்கண்ணனுக்கு இல்ல. அது அலைஞ்சிகினுதான் இருக்கும். நீ போய்ட்டா அந்தக் கல்லு உன்னுதாவே ஆயிடும். அதுக்குள்ள எதனா பண்ணுண்ணா."

தீர்த்தகிரிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தான் சாவதற்குள் அந்தக் கல்லை வீரனுக்கு மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

ஆடி மூன்றாம் ஞாயிறு பாறைக்கொல்லையில் ஊர் கூடியது. ஆட்டைத் தீர்த்தகிரி தன் செலவில் வாங்கியிருந்தார். பச்சையம்மா விடியுமுன் கிளம்பி நடந்தே வந்திருந்தாள். தீர்த்தகிரி ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று தன் கோரிக்கையைச் சொன்னார்.

பூசாரி கோபால்சாமிக்கு அது பிடிக்கவில்லை. கல்லுக்கு வெட்டுகிற ஆட்டின் தலை முப்பத்தைந்து ஆண்டுகளாக அவனுக்குத்தான் போகிறது. இறந்தவனின் தம்பி என்கிற உரிமை. கல் வீரனுடையதானால் தலை யாருக்கு?

"அதெப்படிண்ணா? பேரு மாத்தறதுக்கு இது இன்னா ரேஷன் கார்டா?"

"கல்லு என்னுது. நான் குடுக்கறேன். உனக்கு இன்னாடா?"

"உன்ன யாரு கேட்டாங்க? நீ தீர்த்தகிரி. அவரு தீர்த்தகிரியப்பன். அவரு சொல்லணும்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஊர்க்கவுண்டரும் அதையே சொன்னார். "ஆட்டுத் தலையில தண்ணி தெளிப்போம். சிலுப்புச்சின்னா சாமி உத்தரவு. சிலுப்பலன்னா பேச்சே இல்ல. மூணு தரம்."

முதல் தரம் தெளித்தார்கள். ஆடு கோபால்சாமியின் கழுத்து மாலையைக் கடிக்கப் பார்த்தது, சிலுப்பவில்லை. இரண்டாம் தரம் ஒரு செம்பு முழுவதும் ஊற்றினார்கள். ஆடு கண்ணை மூடிக்கொண்டது, சுகமாக இருப்பதுபோல.

"பார்த்தியா? அண்ணனுக்குச் சம்மதமில்ல" என்றான் கோபால்சாமி.

"அடேய், அண்ணன் நான்தான்டா. எனக்குச் சம்மதம்டா!"

"நீ சும்மா இருண்ணா. அவரைக் கேட்டுகினு இருக்கோமில்ல."

கூட்டம் சிரித்தது. தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு செம்பு தண்ணீர். அதுவும் போனால் வீரனுக்கு இனி எந்தக் காலத்திலும் இடமில்லை. அவர் தன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பச்சையம்மா எழுந்து வந்தாள். கல்லைப் பார்க்கவில்லை, ஊர்க்கவுண்டரையும் பார்க்கவில்லை; கோபால்சாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"பூசாரி, உன் வூட்டு வாசல்ல நீ சைக்கிள்ல வந்தா, யாருக்குப் பயந்து பத்தடி முன்னால இறங்குவ?"

"என் வூட்டு வாசல்ல எனக்கு நானே எதுக்கு இறங்கறேன்? நேரா உள்ள போவேன்."

"உங்கண்ணன் இத்தனை வருசமா இந்தக் கல்லுக்கு முன்னால இறங்கி நடக்கறாரே, ஊரே பார்த்து சிரிச்சீங்களே. இது அவரு கல்லா இருந்தா அவரு எதுக்கு இறங்கணும்? எவனாவது தனக்குத் தானே மரியாதை பண்ணுவானா?"

கோபால்சாமி ஊர்க்கவுண்டரைப் பார்த்தான்.

ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. யாருக்கு இறங்கின?"

"வீரனுக்குத்தாங்க. வேற யாருக்கு? பாலத்தாண்ட நான் இருந்திருக்கணும், அவன் இருந்தான். ஒவ்வொரு தரமும் 'வந்துட்டேன்டா'ன்னு சொல்லிட்டுத்தான் தாண்டுவேன்."

"அப்போ அவரு எப்பவோ வந்து உக்காந்துட்டாரு" என்றாள் பச்சையம்மா. "கூப்பிட்டுகினே இருந்தா வராம இருப்பாரா? இந்த மீசையைப் பாருங்க, எங்கண்ணன் மீசை. உங்க ஊரு தீர்த்தகிரிக்கு என்னைக்காவது மீசை முளைச்சிருக்குதா?"

கொத்தன் 1944-இல் கல்லில் செதுக்கியிருந்த மீசை, கன்னம் தாண்டிக் காதுவரை போயிருந்தது. எல்லோரும் தீர்த்தகிரியின் வழவழத்த மேலுதட்டைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ, "அதானே, எங்க தாத்தா அப்பவே சொல்லுச்சு, மூஞ்சி ஒத்து வரலன்னு" என்றான்.

ஊர்க்கவுண்டர் செம்பைத் தானே வாங்கி மூன்றாம் தரம் தெளித்தார். ஆடு தலையிலிருந்து வால்வரை சிலுப்பி, முன்னால் நின்ற கோபால்சாமியை நனைத்தது. அந்நேரம் தூறல் தொடங்கி மலைக்காற்றும் வீசியது என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். ஆனால் அன்று அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டி, வீரப்பா என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். பச்சையம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆட்டுத் தலை பூசாரிக்கே இருக்கட்டும் என்றாள். கோபால்சாமியின் முகம் தெளிந்தது. அவனே போய் முதல் இலையைப் போட்டான்.

"வாண்ணா, உக்காரு. இனிமே உனக்குத் தடையில்ல."

சாமைச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் போட்டார்கள். தீர்த்தகிரி முதல் வாயை வைத்து, மென்று, நிறுத்தினார். முப்பத்து மூன்று ஆண்டுகளாக வாசனையில் மட்டுமே அறிந்த குழம்பு.

"இன்னாண்ணா? எப்படி கீது?"

"உப்பு கம்மிடா."

"அடப்போண்ணா, இத்தினி வருசத்துல ஒருத்தரும் சொன்னதில்ல!"

"சாமி சொல்ல முடியுமா?" என்றார் தீர்த்தகிரி. மறுபடி சோறு கேட்டார்.

புளிச்சோற்று மூட்டை அவிழ்க்கப்படாமலே அன்று மாலை ஒடுகத்தூருக்குத் திரும்பி வந்தது. "இன்னைக்குத்தான் நான் மனுசனைக் கட்டிகினு இருக்கேன்" என்றாள் மங்கம்மாள். ஜப்பார் பாய் அடுத்த சனிக்கிழமை காற்றடித்துவிட்டு, "இப்பதான்யா ஒழுங்கா ஜியாரத் போற" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு ஆடிக்கும் பச்சையம்மா நெல்லிவாசல் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து ஒரு கார்டு எழுதி அனுப்புவாள்: பொங்கல் எந்தத் தேதி, யார் யார் வருகிறார்கள், வரும்போது கற்பூரம் வாங்கி வர வேண்டும். தீர்த்தகிரி தவறாமல் சைக்கிளில் போனார். வளைவில் தவறாமல் இறங்கினார். இப்போது யாரும் சிரிப்பதில்லை. 1986-இல் முழங்கால் வீங்கியதால் அந்த ஓர் ஆடிக்கு மட்டும் போக முடியவில்லை. அந்தப் பொங்கல் முடிந்தபின் வந்த கார்டில் இப்படி இருந்தது:

"அண்ணா, பொங்கல் நல்லா நடந்துது. அந்தப் பாதையில இப்ப பஸ் வருது. பஸ் இறங்கி நடக்க முடியாதுன்னு, கண்டக்டர் மட்டும் இறங்கி கல்லு தாண்டற வரைக்கும் முன்னால நடந்து போறாரு. குழம்புக்கு உப்பு நீ சொன்ன அளவுதான் போட்டாங்க. எழுதித் தர்ற வாத்தியார் மாத்தலாகிப் போறாரு, இனிமே கார்டு வராது. சேதி வேணும்னா நேர்ல வந்து சாப்பிட்டுட்டுத் தெரிஞ்சிக்கோ."

இந்தக் கார்டு ஒடுகத்தூர் வந்து சேர்ந்த நாள் 1986 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை.